மெதுவாகப் பேசத் தெரியாதவர்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் ஒன்றும் வருத்தப்படமாட்டார். 'நல்லா எழுது, ஊருக்கே தெரியட்டும்' என்றுதான் சொல்வார். ஆனால் கப்பலூரில் எங்கள் கம்பெனியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் மில்லக்கா.

பிளாஸ்டிக் டப்பாவும் மூடியும் செய்கிற சிறிய கம்பெனி அது. அவர் பேக்கிங்கில் இருந்தார். நான் வெளியே போகும் சரக்குக்குப் பில் போடும் மேசையில். இருவருக்கும் செக்கானூரணிதான் ஊர். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களை ஏற்றி வரும் கம்பெனி வேன், காலையில் எங்களையும் ஏற்றிக்கொண்டு திருமங்கலம் வழியாகக் கப்பலூர் போகும். வேன் நிற்கும் இடத்துக்கு மில்லக்கா வந்துவிட்டாரா இல்லையா என்பதை என் வீட்டுக்குள் தலை வாரிக்கொண்டிருக்கும்போதே தெரிந்துகொள்வேன். என் வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது.

சின்ன வயதிலேயே நூற்பாலை வேலைக்குப் போனவர். ஆலை மூடும்வரை அங்கேதான் இருந்தார். அந்த இயந்திரங்களுக்கு நடுவே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்த வேண்டும். கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை பெரிதாகிவிட்டது, காது கொஞ்சம் சிறிதாகிவிட்டது. "மெதுவாப் பேசுங்கக்கா" என்று யாராவது சொன்னால், "நான் மெதுவாத்தானே தாயி பேசுறேன்!" என்பார். அதுவும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

அவர் வீட்டுக்காரர் பஞ்சர் கடை வைத்திருந்தார். அவர் பேசி நான் கேட்டதே இல்லை. ஒருமுறை அதைப் பற்றி மில்லக்காவிடமே கேட்டேன். "அவருக்கும் சேத்துத்தான் நான் பேசிடுறேன்ல" என்றார்.

வேனில் ஏறியதும் அவர் குரல் ஏறிவிடும். யார் வீட்டில் என்ன குழம்பு, எந்த மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போய்விட்டார், யாருக்கு மூலம், எல்லாம் வேன் முழுக்கத் தெரியும். ஒருநாள் கேட்டுக்குள் நுழையும்போது மேனேஜரைப் பார்த்து, "சார், மையி காதுல ஒட்டியிருக்கு பாருங்க!" என்றார். மேனேஜர் தலைக்கு மை பூசுவது அன்றுவரை எங்களுக்குத் தெரியாது. மில்லக்கா கேலிக்காகச் சொல்லவில்லை. அந்தக் காதோடு மேனேஜர் மீட்டிங்குக்குப் போய்விடக் கூடாதே என்ற அக்கறையில் சொன்னார்.

இதனால் அவர் இழந்ததும் உண்டு. தங்கை மகளைப் பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளைக்குக் கண் லேசாக மாறுகண் போல இருக்கிறதே என்று தங்கையின் காதில் சொல்லியிருக்கிறார். காதில்தான். கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது. வந்தவர்கள் காப்பி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். தங்கை அதற்குப் பிறகு வெகுகாலம் அவரோடு பேசவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் மில்லக்காவின் முகம் சின்னதாகிவிடும். "காதுலதான்டி சொன்னேன்" என்பார்.

அதே குரல்தான் ஒருநாள் மோல்டிங் ஷெட்டின் கடைசி மூலையில் ஒரு பெண்ணின் துப்பட்டா பெல்ட்டில் மாட்டப்போவதைப் பார்த்து, இந்த மூலையிலிருந்து, "நிறுத்து!" என்று கத்தியது. அத்தனை இரைச்சலிலும் ஆபரேட்டர் கை தானாகப் போய் நிறுத்தியது. அந்தப் பெண் கிழிந்த துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, "அழுகாத, கழுத்து இருக்குல்ல" என்றார் மில்லக்கா. அதையும் எல்லோரும் கேட்டோம்.

இருந்தாலும் நான் வேனில் அவர் பக்கத்தில் உட்காருவதைத் தவிர்த்துவந்தேன். என் வீட்டு விஷயம் என் வீட்டோடு இருக்க வேண்டும் என்று நினைக்கிறவள் நான்.

அந்த வருடம் அரசு சுகாதார நிலையத்திலிருந்து ஒரு டாக்டரம்மாவும் இரண்டு நர்சுகளும் எங்கள் கம்பெனிக்கு வந்தார்கள். கேன்டீனில் போர்வைகளைக் கட்டி ஒரு மூலையை மறைத்தார்கள். ஆண்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களை உட்காரவைத்து மூத்த நர்ஸ் பேசினார். கர்ப்பப்பை வாயில் கேன்சர் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அங்கே சிறிய மாற்றம் தெரியும், அதை இப்போதே பார்த்துச் சரிசெய்துவிட்டால் பிற்பாடு அது கேன்சராக மாறாமல் தடுத்துவிடலாம் என்றார். பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எதைப் பாக்கணும்ங்கிறீங்க?" என்று மில்லக்கா கேட்டார்.

"கர்ப்பப்பை வாயைம்மா."

"அதுக்கும் ஒரு வாயா? ஆத்தி! இருக்குற ஒரு வாயாலயே எனக்கு இம்புட்டுச் சண்டை!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நர்சும் சிரித்தார். ஆனால் சிரித்தவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. யார் முதலில் போவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "சரி, நான் போறேன், நீங்க சாவகாசமா வாங்க" என்று மில்லக்கா எழுந்து போர்வைக்குப் பின்னால் போனார்.

டாக்டர் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. மில்லக்கா பேசியது எல்லாம் கேட்டது.

"சீலையை அவுக்கணுமா? தூக்குனாப் போதுமா? சரி... கால மடக்கிட்டேன்... ஏ தாயி, சில்லுன்னு இருக்கே இது!... இல்ல, வலிக்கல... வலிக்கலன்னு சொன்னேன்!... என்னத்தத் தடவுறீங்க, புளிச்ச வாடை அடிக்குது? ஊறுகாய்க்கு ஊத்துறதா? அதையா தடவுறீங்க? ஆத்தாடி..."

அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. வினிகர் போன்ற அந்த நீர்த்த அமிலத்தைத் தடவிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள், மாற்றம் இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார்.

மில்லக்கா சேலையைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தார். "ஒண்ணும் பயமில்ல. ஒரு டீ ஆத்துற நேரந்தேன். எனக்கு வெள்ளையா ஒரு திட்டு இருக்காம், வெள்ளிக்கெழம வரச் சொல்லிருக்காங்க." கேஸ் சிலிண்டர் வெள்ளிக்கிழமை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

உள்ளே என்ன நடக்கும் என்பது இப்போது எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பேக்கிங் பெண்கள் இரண்டு பேர் எழுந்தார்கள். அப்புறம் மற்றவர்கள். நானும் போனேன்.

எனக்கும் திட்டு இருந்தது.

"சின்னதுதாம்மா. இது கேன்சர் இல்ல. விட்டா என்னைக்காவது ஆகலாம், ஆகாமலும் போகலாம். எதுக்கு விட்டுப் பாக்கணும்? சூடு வச்சு எடுத்துரலாம்" என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். வெளியே வந்து, கேட்டவர்களிடமெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். வீட்டிலும் சொல்லவில்லை. இரவுகளில் என் மகன் தூங்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். கேன்சர் இல்லை என்று டாக்டர் சொன்ன வாக்கியத்தில் 'இல்லை' என்ற சொல் எனக்கு மறந்துபோய்க்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை சுகாதார நிலையத்து வராந்தாவில் ஒரு ஓரமாக நுழைந்தேன். பெஞ்சில் மில்லக்கா இருந்தார்.

"ஏ புள்ள! நீயும் திட்டா!"

ஊசி போட வந்த குழந்தைகள், அவர்களுடைய அம்மாக்கள், மாத்திரை வாங்க நின்ற கிழவர்கள், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பூமி பிளக்காதா என்றிருந்தது. வேறு இடம் இல்லாததால் அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த ஒரு பாட்டியின் முழங்கால் வலியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். கை மட்டும் அவர் மடியிலேயே இருந்தது. நானும் எடுக்கவில்லை.

சூடு வைப்பது என்றதும் நான் என்னென்னவோ கற்பனை செய்திருந்தேன். டார்ச் லைட் மாதிரி கையில் பிடிக்கிற ஒரு கருவி, அதன் முனையில் சூடு. மாதவிலக்கின் முதல் நாள் போல அடிவயிறு ஒருமுறை இழுத்தது. நர்ஸ் என் முழங்காலில் கை வைத்து, "அம்புட்டுத்தான், முடிஞ்சிருச்சு" என்றார். நான் நம்பாமல் அப்படியே படுத்திருந்தேன். எழுந்திருக்கச் சொல்லி இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் எழுந்தேன். சில வாரங்களுக்குத் தண்ணீர் போலப் படும், பயப்பட வேண்டாம், ஒரு மாதம்வரை கணவனும் மனைவியும் சேரக் கூடாது, ஒரு வருடம் கழித்து மறுபடி வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது எங்கள் இருவருக்கும் திட்டு இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மீதிக் கதை என்னைப் பற்றியது இல்லை.

திங்கட்கிழமை வேனில் ஏறி முன்னால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். மில்லக்கா கடைசி சீட்டில் இருந்தார். செக்கானூரணி தாண்டியதும் அங்கிருந்து குரல் வந்தது.

"ஏ புள்ள! எனக்கு மூணு நாளா தண்ணி மாதிரி படுது, ஒனக்கும் படுதா?"

டிரைவர் அண்ணன் சட்டென்று பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். நல்ல மனிதர். ஆனால் மில்லக்காவின் குரலுக்கு அது போதவில்லை. "ஆஸ்பத்திரில சூடு வச்சாங்கள்ல, அதத்தேன் கேக்குறேன்! ஒரு மாசத்துக்கு வீட்டுக்காரரு பக்கத்துல வரக் கூடாதுன்னாங்களே, நீ சொல்லிட்டியா ஒன் வீட்டுல? எங்க வீட்டுல சொன்னேன், அவரு சரின்னு கட்டிலைத் தூக்கி வாசல்ல போட்டுட்டாரு!"

வேன் அதிர்ந்தது சிரிப்பில். என் காது இரண்டும் எரிந்தன. நான் திரும்பவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த பெண் என் முழங்கையைத் தொட்டு, "மதனி, எனக்கும் திட்டுன்னாங்க. நான்தான் போகல. வலிக்குமா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். என் குரல் எனக்கே விசித்திரமாக இருந்தது. அந்த விஷயத்தை அதுவரை நான் யாரிடமும் பேசியதே இல்லை. திருமங்கலம் வருவதற்குள் என்ன நடந்தது என்பதை முழுக்கச் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் வீட்டிலும் சொன்னேன். என் கணவர் தட்டில் கை வைத்தபடியே கேட்டுவிட்டு, "தனியாவா போன?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வேனில்தான் ஒச்சம்மாவும் இருந்தாள். முப்பதைத் தாண்டிய பெண். உசிலம்பட்டிக்கு முந்தைய ஒரு கிராமம். கணவன் கேரளாவில் டைல்ஸ் ஒட்டும் வேலை, மாதம் ஒருமுறை வருவான். இரண்டு பெண் குழந்தைகளையும் மாமியார் பார்த்துக்கொண்டார். டீ இடைவேளையில் அவள் மில்லக்காவைத் தேடி வந்தாள். நானும் அங்கே நின்றேன்.

"அக்கா, ஒங்களுக்குக் கர்ப்பப்பைய எடுத்துட்டாங்களா?"

"எங்க எடுத்தாங்க? அது இருந்த எடத்துலயே இருக்கு. எதுக்கு கேக்குற?"

ஒச்சம்மா அக்கம்பக்கம் பார்த்தாள். அவளுக்குத் திட்டு பெரிதாக இருக்கிறதாம். கர்ப்பப்பை வாய்க்கு உள்ளே ஏறியிருக்கிறதாம். இந்தச் சூடு போதாது, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று நர்ஸ் இரண்டு தடவை போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மாமியார் விடவில்லை. அங்கே போனால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள், அப்புறம் ஆண் குழந்தைக்கு வழியில்லை என்கிறார். அதோடு, கணவன் வெளியூரில் இருக்கும்போது இந்த மாதிரி இடத்தில் நோய் என்றால் ஊர் என்ன பேசும் என்று கேட்கிறார்.

"நான் என்னக்கா தப்புப் பண்ணுனேன்?" என்றாள் ஒச்சம்மா.

கேம்ப் அன்று நர்ஸ் இதைச் சொல்லியிருந்தார். ஒரு கிருமியால் வருவது இது, குடும்பம் நடத்துகிற யாருக்கும் வரக்கூடியது, பெரும்பாலானவர்களுக்குத் தானாகப் போய்விடும், சிலருக்குத் தங்கிவிடும், இதில் யாருடைய ஒழுக்கமும் இல்லை. அதை நான் ஒச்சம்மாவுக்கு நினைவுபடுத்தினேன். மில்லக்கா அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. "ஞாயித்துக்கெழம நாங்க ஒங்க வீட்டுக்கு வாரோம்" என்றார். "இந்தப் புள்ளையும் வரும். இது நல்லா வெவரமாச் சொல்லும். நான் சும்மா கூட இருக்கேன்."

அவர் சும்மா கூட இருப்பார் என்பதை நம்பி நானும் போனேன்.

ஒச்சம்மாவின் மாமியார் ஒல்லியான, கண்டிப்பான பெண்மணி. மோர் கொடுத்தார். நான் டாக்டர் சொன்னதை விவரமாகச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நோவு இல்லைங்கிறீக. பெறவு எதுக்கு வைத்தியம்?"

நோய் வருவதற்கு முந்தைய நிலை என்பதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மில்லக்கா மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மதினி, மில்லுல பஞ்சுக்குள்ள ஒரு பொறி விழுந்துச்சுன்னு வைங்க. அது நெருப்பா, நெருப்பு இல்லியான்னு நின்னு பேசிக்கிட்டு இருப்போமா? மிதிச்சு அணைச்சுப்புட்டுத்தான் மூச்சே விடுவோம்! இவளுக்கு விழுந்துருக்கது பொறி! கர்ப்பப்பை வாயில!"

"மெதுவாப் பேசு தாயி, தெருவுக்குக் கேக்குது."

"நான் மெதுவாத்தான் பேசுறேன்! கர்ப்பப்பைய எடுக்க மாட்டாங்க! வாயில இருக்க திட்ட மட்டும் எடுப்பாங்க! எனக்கும் சூடு வச்சாங்க, இந்தா இந்தப் புள்ளைக்கும் வச்சாங்க, ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்கோம்ல!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டுப் பெண் முறத்தோடு வந்து வாசலில் நின்றாள். மாமியார் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஒரு பிரயோஜனமும் இல்லை. தகரக் கூரை வீடு. சத்தம் மேலே ஏறி இன்னும் பெரிதாகத் தெருவில் இறங்கியது.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியவர் அங்கேயே சாய்ந்து நின்றார். "எந்தங்கச்சிய இப்பிடித்தான் மதுரைக்குக் கூட்டிட்டுப் போனாக" என்றார். "ரத்தமாப் போச்சு அவளுக்கு. ரெண்டு மாசம் வச்சிருந்து அனுப்பிட்டாக. வீட்டுக்கு வந்து எம் மடியிலதான் கண்ண மூடுனா. அந்த ஆஸ்பத்திரி வாசலப் பாத்தா எனக்குக் கை காலெல்லாம் உதறுது. இவளயும் அங்க அனுப்பச் சொல்றீகளே."

ஆண் குழந்தை, ஊர்ப்பேச்சு என்பதெல்லாம் வெளியே சொன்ன காரணங்கள். உள்ளே இருந்தது இதுதான். ஒச்சம்மா தன் மாமியாரை முதல்முறையாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள். இது அவளுக்கே தெரியாதாம்.

மில்லக்கா எழுந்து அவரிடம் போனார். குரலைக் குறைக்க முயன்றார் என்று நினைக்கிறேன். முடியவில்லை. "ஒங்க தங்கச்சிக்கு யாரும் மொதல்லயே பாத்துச் சொல்லல மதினி. தீ பிடிச்சப்பறம் கூட்டிட்டுப் போயிருக்கீங்க. இவளுக்குச் சொல்லிட்டாங்கள்ல. சொன்னதுக்கப்பறமும் விட்டமுன்னா அப்பறம் நாமதான மதினி விட்டோம்னு ஆயிரும்."

தெருவிலிருந்து முறத்தோடு நின்ற பெண்ணின் குரல் வந்தது. "அனுப்பி விடுங்க சின்னம்மா. நானும் கூடப் போயிட்டு வாரேன் வேணும்னா."

மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "சரி, போகட்டும்" என்றார். பிறகு மில்லக்காவைப் பார்த்து, "நீ மொதல்ல உக்காரு. இன்னுங் கொஞ்சம் மோர் குடி. தொண்டை வத்திருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு பெரியாஸ்பத்திரிக்கு நாலைந்து தடவை போக வேண்டியிருந்தது. ஒரு தடவை நான் கூடப் போவேன், ஒரு தடவை மில்லக்கா, ஒரு தடவை அந்தப் பக்கத்து வீட்டுப் பெண். முதலில் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்து, சிறு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்தார்கள். கர்ப்பப்பை அப்படியே இருக்கும், குழந்தை பெறலாம் என்று டாக்டர் சொன்னதை ஒச்சம்மா வெளியே வந்து என்னிடம் மூன்று தடவை சொன்னாள். ஆனால் எடுத்த சதையைச் சோதித்து வரும் முடிவில்தான் எல்லாம் இருந்தது. அது உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது, கேன்சராக மாறியிருக்கிறதா என்பதை அப்போதுதான் சொல்ல முடியும் என்றார்கள்.

அந்த வாரங்களில் ஒச்சம்மா இளைத்துப்போனாள். மூடிகளை எண்ணிப் பையில் போடுவாள், பாதியில் கை நின்றுவிடும். மில்லக்கா அவள் பையை இழுத்துத் தன் பையோடு சேர்த்து எண்ணுவார். "ராத்திரி தூங்குனியா?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்பார். அவள் இல்லை என்று தலையாட்டுவாள்.

முடிவு வாங்கும் நாளில் ஒச்சம்மா, மில்லக்கா, நான் என மூன்று பேரும் போனோம். பெண்கள் பிரிவில் கூட்டம் சுவரோரமெல்லாம் நின்றிருந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. அங்கே காத்திருக்கும் பெண்களுக்கு அப்படி ஒரு அமைதி உண்டு. ஒச்சம்மாவின் பெயரைக் கூப்பிட்டதும் மூவரும் வாசல்வரை போனோம். உள்ளே இரண்டு பேர் படுத்திருந்ததால் டாக்டரே காகிதத்தோடு வாசலுக்கு வந்தார். இளம்பெண். முகத்தில் மாஸ்க். பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று மிக மெதுவாகச் சொன்னார். அது அவருடைய மரியாதை.

எனக்கும் சரியாகக் கேட்கவில்லை. ஒச்சம்மா டாக்டரின் வாயையே பார்த்தாள், மாஸ்க் அசைவது மட்டும் தெரிந்தது. அவளுக்குத் திரும்பக் கேட்க நா எழவில்லை. எனக்கும்தான். கேட்டால் வேறு ஏதாவது பதில் வந்துவிடுமோ என்று இருந்தது.

"என்னாம்மா சொன்னீங்க?" என்றார் மில்லக்கா. "எனக்குக் காது கொஞ்சம் மந்தம். கேன்சரா, கேன்சர் இல்லியா?"

அந்த வராந்தாவில் யாரும் சத்தமாகச் சொல்லாத சொல் அது. சுவரோரம் நின்ற அத்தனை தலைகளும் திரும்பின. தூரத்தில் தரை பெருக்கிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தோடு நின்றுவிட்டார். டாக்டர் ஒரு கணம் திகைத்தார். பிறகு மாஸ்க்கைக் கீழே இறக்கி, மில்லக்காவுக்குக் கேட்கும்படியாக உரக்கச் சொன்னார்.

"இல்லம்மா! கேன்சர் இல்ல! இருந்ததை முழுசா எடுத்தாச்சு! ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு! ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை வந்து காட்டுனாப் போதும்!"

அந்த வராந்தா முழுவதும் மூச்சு விட்டது. முன்பின் தெரியாத ஒரு அம்மா, "மீனாச்சி காப்பாத்திட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருவர் ஒச்சம்மாவின் முதுகைத் தடவினார். ஒச்சம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டாக்டரும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் டாக்டரின் அருகே போய், "எனக்கும் சத்தமாச் சொல்லிருங்கம்மா" என்று கேட்டாள்.

மாமியாருக்கு நான் போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் மில்லக்கா என் தோளுக்கு மேலாகச் சொல்லிவிட்டார். மாமியார், "புள்ள சாப்புட்டாளா?" என்று கேட்டார்.

மில்லக்கா இப்போது கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறார். வேனில் அவர் உட்கார்ந்த கடைசி சீட்டில் இப்போது வேறு பெண்கள் உட்காருகிறார்கள். ஒச்சம்மா கம்பெனியில்தான் இருக்கிறாள். ஆறு மாதத்துப் பரிசோதனையும் அதற்குப் பிறகு வந்ததும் நல்லபடியாக முடிந்தன. சொல்வதற்கு மில்லக்காவைப் பற்றி இன்னும் எவ்வளவோ உண்டு. ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அன்று நாங்கள் திரும்பி வந்த பஸ்தான்.

ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறினோம். மூன்று பேர் சீட்டில் ஒச்சம்மா நடுவில். பஸ் கிளம்பியதும் மில்லக்கா கண்டக்டரிடம் ஆரம்பித்தார். எந்த ஊர், பெண் குழந்தையா ஆண் குழந்தையா, சம்சாரத்துக்கு முப்பது ஆகிவிட்டதா, ஆகிவிட்டதென்றால் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டீர்களா, ஏன் பார்க்கவில்லை. கண்டக்டர் டிக்கெட்டுகளை விரலில் வைத்துக்கொண்டு விழித்தார். பின்சீட்டில் இருந்த ஒரு பெண் எங்கே பார்க்கிறார்கள் என்று கேட்டாள். மில்லக்கா முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, போர்வை மறைப்பிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னார். பஸ் முழுக்கக் கேட்டது. நாகமலை தாண்டியது.

நான் ஒச்சம்மாவைப் பார்த்தேன். அந்தக் குரலுக்கு இரண்டு அங்குலம் தள்ளி, மில்லக்காவின் தோளில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.